அண்ணன் கானாவுக்கு, தம்பி ஜெர்மனிக்கு

2010 உலகக் கோப்பை. ஜூன் 23, ஜோகன்னஸ்பர்க். ஜெர்மனியும் கானாவும் மோதுகின்றன. ஜெர்மனியின் தற்காப்பில் ஜெரோம் போட்டெங். கானாவின் நடுக்களத்தில் கெவின்-பிரின்ஸ் போட்டெங். ராத்திரி கண் விழித்து ஆட்டம் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும்: "ரெண்டு பக்கமும் ஒரே பேரா இருக்கே, சொந்தக்காரங்களா?"

சொந்தக்காரர்கள்தான். கெவின்-பிரின்ஸ் அண்ணன், ஜெரோம் தம்பி. அப்பா ஒருவர், கானாவிலிருந்து பெர்லினுக்கு வந்தவர். அம்மாக்கள் வேறு வேறு, இருவருமே ஜெர்மானியர்கள். பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது, பந்து உதைக்கக் கற்றது எல்லாம் பெர்லினில். ஜெர்மனியின் இளையோர் அணிகளில் இரண்டு பேரும் ஆடியிருக்கிறார்கள். அப்புறம் தம்பி அங்கேயே இருந்துவிட்டார், அண்ணன் அப்பாவின் நாட்டுக்குப் போய்விட்டார். உலகக் கோப்பையில் சகோதரர்கள் எதிரெதிர் அணியில் ஆடியது அதுதான் முதல் தடவை. ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரே கோலை அடித்தவர் மெசுட் ஓசில், ஜெர்மனியில் பிறந்த துருக்கியக் குடும்பத்துப் பையன். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு நாட்டு வேர் உள்ள ஒருவர் எந்த நாட்டுக்கு ஆடலாம்? அதை யார் தீர்மானிப்பது? அதில் ஏன் இவ்வளவு மனத்தாங்கல்? கால்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

சென்னையில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேளுங்கள். "திருநெல்வேலி பக்கம்" என்பார். அங்கே அவர் தங்கிய நாட்களை எல்லாம் கூட்டினாலும் நாலு மாதம் தேறாது. கோடை விடுமுறை, கோயில் கொடை, ஒரு கல்யாணம், ஒரு சாவு, அவ்வளவுதான். ஆனாலும் சொந்த ஊர் அதுதான். அதே ஆள் வெளியூரில் யாராவது சென்னையைக் குறை சொன்னால் "நான் மெட்ராஸ்காரன்" என்று சண்டைக்குப் போவார். இரண்டுமே உண்மை. "ஏதாவது ஒன்றைச் சொல்லு" என்று அவரை யாரும் மடக்குவதில்லை. ஊருக்குப் பாஸ்போர்ட் கிடையாது, அதனால் பிரச்சினையும் கிடையாது. நாட்டுக்குப் பாஸ்போர்ட் உண்டு. தேசிய அணிக்கு ஜெர்சி உண்டு, அதில் ஒன்றைத்தான் போட முடியும்.

இந்த விஷயத்தில் மூன்று சங்கதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலாவது குடியுரிமை, அது அரசாங்கம் கொடுப்பது, ஒருவருக்கு இரண்டு மூன்றுகூட இருக்கலாம். இரண்டாவது, எந்த அணிக்கு ஆடத் தகுதி என்பது. அதை உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா தீர்மானிக்கிறது, அதன் கோப்பில் ஒரு நேரத்தில் ஒரு நாடுதான் இருக்கும். மூன்றாவது, மனசு எந்தப் பக்கம் என்பது. அதற்குச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகம் எங்கும் இல்லை. சண்டை வருவதெல்லாம் இரண்டாவதைப் பார்த்து மூன்றாவதைத் தீர்மானிக்கப் போகும்போதுதான்.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் இதில் விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. லூயிஸ் மோன்டி 1930 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு ஆடித் தோற்றார்; 1934 இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு ஆடிக் கோப்பையை வென்றார். இரண்டு நாடுகளுக்காக இரண்டு இறுதி ஆட்டங்களில் ஆடிய ஒரே ஆள் அவர்தான். தென் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இத்தாலியர்களின் பிள்ளைகளை இத்தாலி திருப்பி அழைத்து அணியில் சேர்த்துக்கொண்ட காலம் அது. ஹங்கேரியின் மகத்தான ஆட்டக்காரர் புஷ்காஷ், 1956க்குப் பிறகு நாடு திரும்பாமல் இருந்துவிட்டு, 1962 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்காக ஆடினார். ஜோசே அல்டாஃபினி 1958ல் பிரேசிலுக்கும் 1962ல் இத்தாலிக்கும் ஆடினார். இப்படியே விட்டால் உலகக் கோப்பையும் கிளப் போட்டி மாதிரி ஆகிவிடும் என்று 1960களில் கதவைச் சாத்தினார்கள். ஒரு நாட்டுக்கு ஆடினால் ஆடினதுதான்.

கதவு மெல்ல மெல்லத்தான் மறுபடி திறந்தது. 2004ல் ஒரு சலுகை வந்தது. இளையோர் அணியில் ஒரு நாட்டுக்கு ஆடியவர், 21 வயதுக்குள் விண்ணப்பித்தால் பெரியவர்கள் அணிக்கு இன்னொரு நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். 2009ல் அந்த வயது வரம்பையும் நீக்கினார்கள். அதை முன்மொழிந்தது அல்ஜீரியா. காரணம் ஊகிக்கக் கடினமில்லை: பிரான்சின் பயிற்சிக் கூடங்களில் வளர்ந்த அல்ஜீரியக் குடும்பத்துப் பையன்கள் ஏராளம், அதில் பாதிப்பேருக்குப் பிரான்ஸ் அணியில் இடம் கிடைக்காது என்பது 22, 23 வயதில்தான் தெரியவரும். கெவின்-பிரின்ஸ் போட்டெங்குக்கு அப்போது வயது 22. அந்த விதி மாறியிருக்காவிட்டால் 2010ல் அண்ணன் தம்பி ஆட்டம் நடந்திருக்காது.

இதில் நட்பு ஆட்டம், போட்டி ஆட்டம் என்ற வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் நட்பு ஆட்டங்களில் ஆடினால் அந்த நாட்டோடு நிரந்தர முடிச்சு விழாது. டியகோ கோஸ்டா 2013 மார்ச்சில் பிரேசிலுக்காக இரண்டு நட்பு ஆட்டங்கள் ஆடினார். அடுத்த ஆண்டு, அதே பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையில் ஸ்பெயின் சட்டையோடு வந்து இறங்கினார். கூட்டம் சும்மா விடுமா? பந்து காலில் பட்டபோதெல்லாம் கூச்சல். டெக்லான் ரைஸ் 2018ல் அயர்லாந்துக்கு மூன்று நட்பு ஆட்டங்கள் ஆடிவிட்டு 2019ல் இங்கிலாந்துக்கு மாறினார். பிறந்தது லண்டனில், தாத்தா பாட்டி அயர்லாந்தின் கார்க் பகுதிக்காரர்கள்.

ஆனால் தகுதிச்சுற்றில் ஒரு நிமிடம் இறங்கினாலும் கதை வேறு. முனிர் எல் ஹத்தாதி என்ற பையனின் கதி இதுதான். மாட்ரிட் அருகே பிறந்தவர், அப்பா மொராக்கோக்காரர். 2014 செப்டம்பரில், 19 வயதில், மாசிடோனியாவுக்கு எதிரான யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) தகுதிச்சுற்று ஆட்டத்தில் ஸ்பெயின் பயிற்சியாளர் அவரைக் கடைசி 13 நிமிடங்களுக்கு இறக்கினார். ஸ்பெயின் 5-1 என்று வென்ற ஆட்டம். அவர் இறங்கியதால் எதுவும் மாறவில்லை. அதன் பிறகு ஸ்பெயின் அவரைக் கூப்பிடவே இல்லை. 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோவுக்காக ஆட ஆசைப்பட்டார். விளையாட்டுக்கான நடுவர் மன்றம் வரை போயும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 13 நிமிடத்துக்கு ஆயுள் தண்டனை.

அவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் 2020ல் ஃபிஃபா மறுபடி விதியைத் தளர்த்தியது. 21 வயது முடியும் முன் ஒரு நாட்டின் பெரியவர்கள் அணிக்கு மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர், உலகக் கோப்பையிலோ யூரோ போன்ற கண்டப் போட்டியின் இறுதிக் கட்டத்திலோ களமிறங்காதவர், கடைசி ஆட்டம் முடிந்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தால் மாறிக்கொள்ளலாம். இரண்டாவது நாட்டின் குடியுரிமையும் பொதுவாக முதல் நாட்டுக்கு ஆடியபோதே கையில் இருந்திருக்க வேண்டும். முனிர் 2021ல் மொராக்கோ சட்டையைப் போட்டார்.

சரி, "ஒரு நாட்டுக்கு ஆட" அடிப்படைத் தகுதி என்ன? பிறப்பிலேயே வந்த குடியுரிமை என்றால் கேள்வி இல்லை. பின்னாளில் வாங்கிய குடியுரிமை என்றால் பாஸ்போர்ட் மட்டும் போதாது. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி இவர்களில் ஒருவராவது அங்கே பிறந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் குறைந்தது ஐந்து ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பத்து வயதுக்கு முன் குடியேறிய பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு போதும். கொள்ளுத்தாத்தா கணக்கில் வரமாட்டார்.

விதி இவ்வளவுதான். விதிக்குப் பின்னால் இருக்கிற வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமானால் கெல்சன்கிர்ஷன் என்ற ஊருக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வளர்ந்த ஊர். அங்கே கால்பந்து என்றால் ஷால்க 04 என்ற கிளப். அதன் ஆட்டக்காரர்களுக்கு இன்றும் செல்லப்பெயர் சுரங்கத் தொழிலாளிகள் என்பதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் போதவில்லை. 1961 அக்டோபரில் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆட்களை வரவழைத்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளர்'. வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள் என்பது கணக்கு. மனிதர்கள் அப்படிக் கிளம்புவதில்லையே. மனைவியை வரவழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகள் ஷால்க ரசிகர்கள் ஆனார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் ஜெர்மானியர்கள் இல்லை, சட்டப்படி. அந்தக் காலத்து ஜெர்மன் சட்டத்தில் குடியுரிமை ரத்தத்தின் வழியாகத்தான் வரும். அப்பா அம்மா ஜெர்மானியராக இருக்க வேண்டும். மருத்துவமனை எந்த ஊரில் இருந்தது என்பது முக்கியமில்லை. 2000 ஜனவரி 1 முதல்தான் சட்டம் மாறியது. பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டு முறைப்படி வசித்திருந்தால் அங்கே பிறக்கிற குழந்தைக்கு ஜெர்மன் குடியுரிமை உண்டு என்றார்கள். அதிலும் 23 வயதுக்குள் இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனை வைத்தார்கள். 2014ல் அது தளர்ந்தது. 2024 ஜூனில்தான் இரட்டைக் குடியுரிமையை எல்லோருக்கும் அனுமதித்தார்கள்.

இந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு கெல்சன்கிர்ஷனில் பிறந்த ஆட்டக்காரர்களைப் பாருங்கள். ஹமித், ஹலில் அல்டின்டாப், இரட்டையர்கள், பிறந்தது 1982. இருவரும் ஷால்கவுக்கு ஆடினார்கள். தேசிய அணி என்று வந்தபோது துருக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2008 யூரோ அரையிறுதியில் ஹமித் துருக்கி சட்டையில் ஜெர்மனியை எதிர்த்து ஆடினார். ஆறு வருடம் கழித்துப் பிறந்தவர் ஓசில், 1988. அவரும் ஷால்க. அவர் துருக்கியப் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்து ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தார். இல்காய் குண்டோகன், 1990. தாத்தா சுரங்கத்தில் வேலை பார்க்க வந்தவர். அவரும் ஜெர்மனி. ஒரே ஊர், ஒரே மாதிரிக் குடும்பங்கள், ஆறிலிருந்து எட்டு வருட இடைவெளி. இடையில் மாறியது பையன்களின் மனசு மட்டும் இல்லை. சட்டமும் மாறியது, தேர்வாளர்களின் கண்ணும் மாறியது. 2000 யூரோவில் முதல் சுற்றிலேயே வெளியேறி மானம் போன பிறகு, ஜெர்மன் கால்பந்துச் சங்கம் திறமை எந்தத் தெருவில் இருந்தாலும் தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது.

2010 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மனிக்கும் துருக்கிக்கும் ஆட்டம். மைதானத்தில் பெரும்பகுதி துருக்கிக் கொடிகள். ஓசில் காலில் பந்து வந்தபோதெல்லாம் ஊளைச் சத்தம். அவர் கோல் அடித்தார். கொண்டாடவில்லை. ஜெர்மனி 3-0 என்று வென்றது. துருக்கி ரசிகர்களைப் பொறுத்தவரை அவர் போய்விட்ட பிள்ளை.

எட்டு ஆண்டு கழித்து அடி அடுத்த பக்கத்திலிருந்து விழுந்தது. 2018 மே மாதம், உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் முன்பு, லண்டனில் ஓசிலும் குண்டோகனும் துருக்கி அதிபர் எர்டோகனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். துருக்கியில் தேர்தல் நேரம் அது. ஜெர்மனியில் பெரிய ரகளை. எதிர்க்கட்சிக்காரர்களையும் பத்திரிகையாளர்களையும் சிறையில் போடுகிற ஒரு தலைவரின் பிரசாரத்துக்கு முகம் கொடுத்தது தப்பு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அதோடு நின்றதா? ரஷ்யாவில் நடப்புச் சாம்பியன் ஜெர்மனி தென் கொரியாவிடம் தோற்று முதல் சுற்றில் வெளியேறியதும், தோல்விக்கே அந்தப் படம்தான் காரணம் என்பது போலப் பேச்சு திரும்பியது. ஜூலை 22ல் ஓசில் நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டுத் தேசிய அணியிலிருந்து விலகினார். ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி என்ற பொருளில் அவர் எழுதிய வரி உலகம் முழுக்கப் போனது.

அதே அறிக்கையில் இன்னொரு கேள்வியும் இருந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மிரோஸ்லாவ் குளோசவும் லூகாஸ் பொடோல்ஸ்கியும் போலந்தில் பிறந்தவர்கள். அவர்களை யாரும் 'ஜெர்மன்-போலிஷ்' என்பதில்லை, என்னை மட்டும் ஏன் 'ஜெர்மன்-துருக்கியர்' என்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். ஓசில் பிறந்தது ஜெர்மனியில். அந்த இருவரும் வெளிநாட்டில் பிறந்து வந்தவர்கள். பொடோல்ஸ்கி 2008 யூரோவில் போலந்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டுவிட்டுக் கொண்டாடாமல் நின்றார். அதை எல்லோரும் பண்பு என்று பாராட்டினார்கள்.

குண்டோகன் விலகவில்லை. அந்தப் படத்துக்குப் பிறகு சொந்த ரசிகர்களே அவரைப் பார்த்து விசில் அடித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். 2024ல் சொந்த மண்ணில் நடந்த யூரோவில் ஜெர்மனியின் கேப்டன் அவர்தான். கெல்சன்கிர்ஷன் கதை நல்லபடியாக முடிந்தது என்று இங்கே நிறுத்தலாம்தான். ஆனால் அந்தப் போட்டிக்குச் சற்று முன்பு ஜெர்மனியின் பொது ஒளிபரப்பு நிறுவனம் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், அணியில் வெள்ளைத் தோல் உள்ளவர்கள் இன்னும் அதிகம் இருந்தால் நல்லது என்று 21 சதவீதம் பேர் சொன்னார்கள். பயிற்சியாளர் நாகல்ஸ்மான், இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இனவாதம் என்று கடுப்பானார்.

தம்பி போட்டெங்கையும் இது விடவில்லை. பெர்லினில் பிறந்து, 2014ல் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர். ஜெரோம் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அவரைப் பக்கத்து வீட்டுக்காரராக மக்கள் விரும்ப மாட்டார்கள் என்று 2016ல் ஒரு வலதுசாரிக் கட்சித் தலைவர் பேட்டி கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் 'ஜெரோம், எங்கள் பக்கத்து வீட்டுக்கு வா' என்று பதாகை பிடித்தார்கள்.

இப்போது மொராக்கோ. 2022 உலகக் கோப்பையில் பெல்ஜியம், ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்றையும் வீழ்த்தி, அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி. அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். வேறு எந்த அணியிலும் இவ்வளவு பேர் இல்லை. கோல்கீப்பர் போனோ பிறந்தது கனடாவின் மான்ட்ரியலில். ஹக்கிம் ஜியேஷ், சோஃபியான் அம்ராபத் இருவரும் நெதர்லாந்து. பயிற்சியாளர் வாலித் ரெக்ராகி பாரிஸ் அருகே பிறந்தவர். அஷ்ரஃப் ஹக்கிமி மாட்ரிட். அம்மா வீட்டு வேலை செய்தவர், அப்பா தெருவில் சரக்கு விற்றவர். ரியல் மாட்ரிட் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தார். அந்த ஹக்கிமிதான் ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட்டில் கடைசி உதையை உதைத்தார். சும்மா உதைத்தாரா, கோல்கீப்பர் பக்கவாட்டில் பாய, பந்தை நிதானமாக நடுவில் தூக்கிப் போட்டார். பிறந்த நாடு வீட்டுக்குக் கிளம்பியது.

ஸ்பெயின் அணி முகாமுக்கும் தான் போய்ப் பார்த்ததாகவும், அங்கே தன் வீட்டில் இருப்பது போன்ற உணர்வு வரவில்லை என்றும் ஹக்கிமி பின்னர் சொன்னார். யாரும் அவரை அவமதிக்கவில்லையாம். வீட்டில் பேசுகிற பாஷை, சாப்பாடு, தொழுகை என்று அவர் வளர்ந்த உலகம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இப்படி மனசுதான் வழிகாட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்சின் முன்வரிசையில் இடம் கிடைக்க எம்பாப்பேயோடு போட்டி போட வேண்டும். அதே ஆள் அப்பாவின் நாட்டுக்குப் போனால் நாளைக்கே முதல் பதினொருவரில் ஒருவர். உலகக் கோப்பையில் ஆடியவர் என்ற பெயருக்குச் சந்தையில் விலை உண்டு. இன்னொரு பக்கம், மொராக்கோவின் கால்பந்துச் சங்கமும் ஐரோப்பாவில் ஆட்களை வைத்துப் பதினைந்து பதினாறு வயதுப் பையன்களைக் கவனிக்கிறது, வீட்டுக்கே போய்ப் பேசுகிறது. மாப்பிள்ளை பார்க்கிற கதைதான். முதலில் வந்து மரியாதையாகக் கேட்டது யார் என்பதுகூட முடிவைத் தீர்மானிக்கும். இதையெல்லாம் பிழைப்புவாதம் என்று சொல்கிறவர்களை எனக்குப் புரியவில்லை. வேலைக்குச் சேரும்போது சம்பளமும் பார்க்கிறோம், ஊருக்குப் பக்கமா என்றும் பார்க்கிறோம்.

ஒரே வீட்டில் இரண்டு முடிவுகள் வருவதற்கும் இதுதான் காரணம். இன்யாகி வில்லியம்ஸ், நிகோ வில்லியம்ஸ் சகோதரர்களின் பெற்றோர் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தின் ஒரு பகுதியை வெறுங்காலில் கடந்து, வட ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் வசம் உள்ள மெலில்லா நகரின் எல்லை வேலியேறி ஸ்பெயினுக்குள் வந்தவர்கள். தங்களுக்கு உதவிய பாதிரியாரின் பெயரையே மூத்தவனுக்கு வைத்தார்கள். இன்யாகி என்பது பாஸ்க் பெயர்; பாஸ்க் என்பது ஸ்பெயினின் வடக்கே தனி மொழியுள்ள பகுதி. இருவரும் ஆடியது, பாஸ்க் மண்ணில் பிறந்த அல்லது அங்கே வளர்ந்த ஆட்டக்காரர்களை மட்டுமே சேர்க்கிற அத்லெட்டிக் பில்பாவோ கிளப்பில். ஆக, பாஸ்க், ஸ்பெயின், கானா என்று மூன்று அடுக்கு. அண்ணன் 2016ல் ஸ்பெயினுக்கு ஒரு நட்பு ஆட்டம் ஆடினார், அதோடு அழைப்பு நின்றது. 2022 உலகக் கோப்பைக்குக் கானாவோடு போனார். தம்பி அதே கோப்பைக்கு ஸ்பெயினோடு போனார். 2024 யூரோ இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் முதல் கோல் தம்பியுடையது.

ஜாக்கா சகோதரர்கள் இன்னொரு ஜோடி. கொசோவோவின் அல்பேனியக் குடும்பம், பிள்ளைகள் பிறந்தது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில். கிரானிட் சுவிஸ் அணி, தௌலான்ட் அல்பேனியா. 2016 யூரோவில் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள். அம்மா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதி சுவிட்சர்லாந்து, பாதி அல்பேனியா என்று நடுவில் தைத்த சட்டையோடு.

இரட்டை வேர் உள்ளவர்களிடம் ஓயாமல் கேட்கப்படுவது விசுவாசத்துக்கான அத்தாட்சி. பெல்ஜியத்தின் லுகாகு 2018ல் எழுதினார்: ஆட்டம் நன்றாகப் போனால் பத்திரிகைகளுக்கு அவர் 'பெல்ஜியத்தின் முன்கள வீரர்', சரியில்லை என்றால் 'காங்கோ வம்சாவளி பெல்ஜிய வீரர்'. அதே 2018ல் பிரான்ஸ் கோப்பை வென்றபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் தென்னாப்பிரிக்கரான ட்ரெவர் நோவா "ஆப்பிரிக்கா ஜெயித்துவிட்டது" என்று கிண்டலடித்தார். அமெரிக்காவுக்கான பிரெஞ்சுத் தூதர் கடிதம் போட்டார்: அவர்களை ஆப்பிரிக்கர் என்றால் அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் இல்லை என்று ஆகிவிடும். நோவா அந்தக் கடிதத்தை நிகழ்ச்சியிலேயே வாசித்துவிட்டுத் திருப்பிக் கேட்டார், ஏன், இரண்டாகவும் இருக்கக் கூடாதா?

நான் நோவா கட்சி. ஆனாலும் தூதரின் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும். 1996ல் ழான்-மரி லெ பென் என்ற தீவிர வலதுசாரித் தலைவர், வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்து பிரான்ஸ் அணி என்று பெயர் வைப்பது செயற்கையானது என்றார். அவர் அப்படிப் பேசிய அணியில், பிரான்சின் மார்செய் நகரில் பிறந்த அல்ஜீரியக் குடும்பத்து ஜிடான் இருந்தார். இரண்டு ஆண்டில் அந்த ஜிடான் இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தார். நோவா சிரித்துக்கொண்டு சொன்னதையும் லெ பென் வெறுப்போடு சொன்னதையும் எழுதிப் பார்த்தால் வார்த்தைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். தூதருக்குப் பழைய குரல்தான் காதில் விழுந்திருக்கும்.

வேர் என்பது இவ்வளவு மதிப்புள்ள சரக்கானால் போலியும் வரத்தானே செய்யும். 2025ல் மலேசியா வெளிநாட்டில் பிறந்த ஏழு வீரர்களை, தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டிக் களமிறக்கியது; வியட்நாமை 4-0 என்று வென்றது. ஃபிஃபா தோண்டிப் பார்த்தது. அந்தத் தாத்தா பாட்டிகள் பிறந்தது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து நாடுகளில், கொடுத்த சான்றிதழ்கள் திருத்தப்பட்டவை என்று சொல்லி, செப்டம்பரில் ஏழு பேருக்கும் தடை விதித்து, சங்கத்துக்கு 3.5 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. பக்கத்தில் இந்தோனேசியா செய்வது வேறு. டச்சுக் காலனியாக இருந்த காலத்து உறவுகளின் வழியே நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளை முறையாகத் தேடி எடுத்து அணியைக் கட்டியது. அங்கே இரட்டைக் குடியுரிமை இல்லாததால் அந்தப் பையன்கள் டச்சுப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள்.

நம் கதையும் அதுதான். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டு இந்தியர் என்ற அட்டை வைத்திருப்பவர் இங்கே வீடு வாங்கலாம், தொழில் செய்யலாம். இந்திய அணிக்கு ஆட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்தான் நாட்டுக்கு ஆடலாம் என்பது 2008 முதல் அரசின் கொள்கை. இங்கிலாந்தில் பிறந்து நியூகாசிலுக்கு ஆடிய மைக்கேல் சோப்ராவுக்கு இந்தியாவுக்கு ஆட ஆசை இருந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் குறுக்கே நின்றது. இந்திய வம்சாவளியில் உலகக் கோப்பையில் களமிறங்கியவர்களில் ஒருவர் விகாஸ் தோராசு, 2006ல், பிரான்ஸ் சட்டையில். மொரீஷியஸ் வழியாக வந்த தெலுங்குக் குடும்பம். 2024 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு முதல் ஆட்டத்திலேயே சீனாவுக்கு எதிராகக் கோல் அடித்த நிஷான் வேலுப்பிள்ளையின் அப்பா, ஈழத் தமிழ் வேருள்ள மலேசியர். அன்று தொலைக்காட்சியில் அந்தச் சட்டையின் முதுகைப் பார்த்து இங்கே எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதை ஃபிஃபா கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

எதிர்த்திசையில் வந்தவர்கள் மிகக் குறைவு. ஜப்பானிய அம்மாவுக்கும் இந்திய அப்பாவுக்கும் பிறந்த இசுமி அராட்டா 2012ல் இந்தியக் குடியுரிமை வாங்கி, 2013ல் இந்தியாவுக்கு ஆடினார். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. 2025ல் பெங்களூரு கிளப்பின் ரையன் வில்லியம்ஸ் வந்தார். பிறந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், அம்மா மும்பைக்காரர், அம்மாவழித் தாத்தா 1950களில் மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியில் பம்பாய்க்கு ஆடியவர். ரையன் ஆஸ்திரேலியாவுக்கு 2019ல் ஒரு நட்பு ஆட்டம் ஆடியிருந்தார், நட்பு ஆட்டம் என்பதால் முடிச்சு விழவில்லை. தாத்தா பிறந்த மண்ணின் கணக்கும் சரியாக இருந்தது. ஃபிஃபாவின் விதிப்படி அவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டே ஆடியிருக்கலாம். இந்தியச் சட்டப்படி முடியாது. 32 வயதில், ஆட்ட வாழ்க்கையின் கடைசிப் பகுதியில், ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு இந்திய முகாமுக்கு வந்தார்.